சூரியக் குடும்பமும் கிரகங்களின் பாதையும்: வடசென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டையார்பேட்டை மொட்டை மாடியிலோ திருவொற்றியூர் கடற்கரையிலோ தொலைநோக்கியை நிறுத்தினால் பத்து நிமிடத்தில் சுற்றிலும் ஆள் சேர்ந்துவிடும். பள்ளிக்கூடப் பிள்ளைகள், வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள், கோவிலுக்குப் போய்த் திரும்பும் அம்மாக்கள் எல்லோரும் வருவார்கள். கேட்பவர்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே எழுதி, பதிலோடு இங்கே தொகுத்திருக்கிறேன். வரிசையாகப் படித்தால் நல்லது. பின்னால் உள்ள பதில்களுக்கு முன்னால் உள்ளவைதான் அடித்தளம்.

1. சூரியக் குடும்பம்னு சொல்றீங்களே, அதுல யாரெல்லாம் இருக்காங்க?

நடுவில் சூரியன். அது ஒரு நட்சத்திரம். அதைச் சுற்றி எட்டுக் கிரகங்கள்: உள்ளேயிருந்து வெளியே புதன், வெள்ளி, பூமி, செவ்வாய், வியாழன், சனி, யுரேனஸ், நெப்டியூன். முதல் நான்கும் பாறைக் கிரகங்கள், கால் ஊன்றத் தரை உண்டு. மற்ற நான்கும் மிகப் பெரியவை, அவற்றில் இறங்கி நிற்கத் தரையே கிடையாது. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே லட்சக்கணக்கில் சிறுகோள்கள், நெப்டியூனுக்கு அப்பால் புளூட்டோ போன்ற பனி உருண்டைகள், அங்கிருந்தும் இன்னும் தொலைவிலிருந்தும் வந்துபோகும் வால்நட்சத்திரங்கள், கிரகங்களைச் சுற்றும் நிலாக்கள் என்று மற்ற உறுப்பினர்களும் உண்டு.

இவை அத்தனையையும் சேர்த்து நிறுத்தால் மொத்த நிறையில் சுமார் 99.8 சதவீதம் சூரியன் ஒன்றுக்கே போய்விடும். மிச்சத்தில் பெரும்பங்கு வியாழனுக்கு. யார் யாரைச் சுற்றுகிறார்கள், ஏன் சுற்றுகிறார்கள் என்ற கேள்விகளுக்கெல்லாம் இந்த ஒரு கணக்குதான் வேர்.

2. வானத்துல எது கிரகம், எது நட்சத்திரம்னு எப்படி கண்டுபிடிக்கிறது?

நட்சத்திரம் மினுக்கும், கிரகம் பெரும்பாலும் நிதானமாக ஒளிரும். ஆனால் அடிவானத்துக்குப் பக்கத்தில் இருக்கும்போது கிரகமும் மினுக்கும் என்பதால் இதை மட்டும் நம்ப முடியாது. இடத்தையும் பாருங்கள். சூரியனும் நிலாவும் கிழக்கிலிருந்து மேற்கே போகும் அதே பட்டையில்தான் கிரகங்களும் இருக்கும். எட்டுக் கிரகங்களின் பாதைகளும் ஏறக்குறைய ஒரே தளத்தில் கிடப்பதுதான் காரணம். அதிகம் சாய்ந்தது புதனின் பாதை, அதுவும் 7 பாகைதான். வடக்கே வெகு தாழ்வாக ஒரு புள்ளி பளிச்சென்று தெரிந்தால் அது கிரகமாக இருக்காது.

சந்தேகமில்லாத சோதனை ஒன்று உண்டு, அதற்குப் பொறுமை வேண்டும். பக்கத்து நட்சத்திரங்களோடு சேர்த்து அந்தப் புள்ளியை ஒரு தாளில் வரைந்து வைத்து, சில வாரம் கழித்து மறுபடி வரையுங்கள். இடம் மாறியிருந்தால் கிரகம்.

3. இந்த லைட்டுலயும் புகையிலயும் நம்ம ஏரியால என்ன தெரியப் போவுது?

துறைமுக விளக்குகளும் எண்ணூர்ப் பக்கத்துப் புகையும் மங்கலான நட்சத்திரங்களையும் பால்வீதியையும் நம்மிடமிருந்து பறித்துவிட்டன, உண்மைதான். ஆனால் புதன், வெள்ளி, செவ்வாய், வியாழன், சனி ஐந்தும் அந்த வெளிச்சத்தைத் தாண்டித் தெரியும் அளவுக்குப் பிரகாசமானவை. கிரகம் பார்க்க வெறும் கண் போதும். சாதாரண பைனாகுலரை மாடிக் கைப்பிடிச் சுவரில் ஊன்றிப் பார்த்தால் வியாழனின் நான்கு பெரிய நிலாக்கள் தெரியும். 1610 ஜனவரியில் கலிலியோ பார்த்தது அவற்றைத்தான். மறுநாள் பார்த்தால் இடம் மாறியிருக்கும். 30 மடங்கு பெரிதாக்கும் சிறு தொலைநோக்கி இருந்தால் சனியின் வளையமும் தெரியும்.

நமக்கு ஒரு நல்வாய்ப்பு, கிழக்கே முழுக்கக் கடல். திருவொற்றியூரில் கல் கொட்டிய கரையில் சாலை விளக்குக்கு முதுகு காட்டி நின்றால், கிழக்கு வானம் நகரத்தின் உட்பகுதியை விட நன்றாகவே இருட்டாக இருக்கும். பகலில் மட்டும் பைனாகுலரையோ தொலைநோக்கியையோ சூரியன் பக்கம் திருப்பவே கூடாது. ஒரு கணம் பட்டாலும் கண் போய்விடும். பிள்ளைகள் கையில் கொடுக்கும்போது இதை முதலில் சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

4. புக்குல போட்டுருக்க மாதிரி கிரகமெல்லாம் பக்கத்துப் பக்கத்துல வரிசையா நிக்குதா?

வரிசையாகவும் நிற்கவில்லை, பக்கத்திலும் இல்லை. ஒரு தாளுக்குள் அடக்குவதற்காகப் புத்தகத்தில் அப்படிப் போடுகிறார்கள். உண்மையான இடைவெளியைக் காட்டத் தாள் போதாது, நம் மெட்ரோ வழித்தடம்தான் வேண்டும்.

5 லட்சம் கிலோமீட்டரை 1 மீட்டராகச் சுருக்குவோம். வண்ணாரப்பேட்டை மெட்ரோ நிலையத்தில் 2.8 மீட்டர் அகலத்தில் ஓர் உருண்டை வையுங்கள், அதுதான் சூரியன். அங்கிருந்து வடக்கே நடந்தால் 116 மீட்டரில் புதன், அகலம் 1 சென்டிமீட்டர். 216 மீட்டரில் வெள்ளி. 300 மீட்டரில் பூமி, அகலம் இரண்டரை சென்டிமீட்டர். அதிலிருந்து 77 சென்டிமீட்டர் தள்ளி, 7 மில்லிமீட்டர் அகலத்தில் நிலா. மனிதன் இதுவரை நேரில் போய்வந்த எல்லை அந்த 77 சென்டிமீட்டர்தான். 456 மீட்டரில் செவ்வாய். நான்கு பாறைக் கிரகங்களும் அரைக் கிலோமீட்டருக்குள் முடிந்துவிட்டன.

இனிமேல் நடை நீளும். வியாழனைப் பார்க்க 1.56 கிலோமீட்டர் போக வேண்டும், அகலம் 28 சென்டிமீட்டர். சனி 2.9 கிலோமீட்டரில். யுரேனஸ் 5.7 கிலோமீட்டரில். நெப்டியூன் 9 கிலோமீட்டரில், அதாவது கிட்டத்தட்ட விம்கோ நகரில், 10 சென்டிமீட்டர் உருண்டையாக இருக்கும். நடுவில் உள்ளதெல்லாம் வெறும் வெளி. சரி, அடுத்த நட்சத்திரம்? நமக்கு மிக அருகிலுள்ள பிராக்சிமா செண்டாரியை இதே அளவில் வைக்க 80,000 கிலோமீட்டர் போக வேண்டும். பூமியையே இரண்டு முறை சுற்றிவரும் தூரம் அது.

நடப்பதற்கு வசதியாக ஒரே சாலையில் வைத்தோம். உண்மையில் ஒவ்வொரு கிரகமும் சூரியனைச் சுற்றி ஒவ்வொரு திசையில் இருக்கும்.

5. சூரியன் இழுக்குதுன்றீங்க. அப்ப பூமி ஏன் அதுல போய் விழலை?

விழுந்துகொண்டேதான் இருக்கிறது. பூமி நொடிக்குச் சுமார் 30 கிலோமீட்டர் பக்கவாட்டில் ஓடுகிறது. சூரியன் இழுக்காவிட்டால் அந்த நேர்கோட்டிலேயே போய்விடும். சூரியனின் இழுப்பால் அந்த ஒரு நொடியில் நேர்கோட்டிலிருந்து சூரியன் பக்கமாகச் சுமார் 3 மில்லிமீட்டர் விழுகிறது. 30 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு 3 மில்லிமீட்டர் வளைவு. இதே வளைவு நொடிக்கு நொடி சேர்ந்து ஒரு வருடத்தில் முழுச் சுற்றாக மூடுகிறது. சுற்றுப்பாதை என்றால் இவ்வளவுதான். பக்கவாட்டு ஓட்டமும் உள்நோக்கிய விழுதலும் ஒன்றோடொன்று பொருந்தி நிற்கின்றன. 1687இல் நியூட்டன் இதைக் கணக்காக எழுதிவைத்தார்.

நம் மாடியிலிருந்தே இதைப் பார்க்கலாம். ஸ்ரீஹரிகோட்டா நமக்கு வடக்கே அறுபது கிலோமீட்டர் சொச்சம்தான். ராக்கெட் ஏவும் நாளில் மாடியேறி நிற்பவர்களுக்குத் தெரியும், முதலில் நேராக ஏறும், பிறகு கடல் பக்கம் சாய்ந்துகொண்டே போகும். கோளாறு ஆகிவிட்டதோ என்று பிள்ளைகள் பதறுவார்கள். அந்தச் சாய்வுதான் வேலையே. உயரத்தில் கொண்டுபோய் விட்டால் மட்டும் செயற்கைக்கோள் திரும்பி விழுந்துவிடும். பக்கவாட்டில் நொடிக்கு ஏழரைக் கிலோமீட்டருக்கு மேல் வேகம் கொடுத்தால்தான், விழ விழப் பூமியின் தரையும் கீழே வளைந்துகொண்டே போய், விழுந்து முடியாமல் சுற்றும்.

6. அப்ப பூமியை முதல்ல தள்ளி விட்டது யாரு? ஓடிக்கிட்டே இருக்க பெட்ரோல் வேணாமா?

வேண்டாம். தரையில் வண்டி நிற்பது உராய்வாலும் காற்றுத் தடையாலும். விண்வெளியில் தடுக்க ஏறக்குறைய ஒன்றுமில்லை, அதனால் ஓடுவது ஓடிக்கொண்டே இருக்கும்.

தள்ளிவிட்டது யார் என்பதற்குச் சுமார் 460 கோடி வருடம் பின்னால் போக வேண்டும். பெரிய வாயு, தூசி மேகம் ஒன்று தன் எடையால் தானே சுருங்கியது. அதில் ஏற்கெனவே இருந்த மெல்லிய சுழற்சி, சுருங்கச் சுருங்க வேகமானது. மேகம் தட்டையாகி, நடுவில் சூரியனும் சுற்றிலும் கிரகங்களும் உருவாயின. எட்டுக் கிரகங்களும் ஒரே திசையில், ஒரே தளத்தை ஒட்டிச் சுற்றுவது இதனால்தான். 2ஆம் பதிலில் சொன்ன அந்தப் பட்டை, நாம் பிறந்த மேகத்தின் தடம்.

7. நொடிக்கு 30 கிலோமீட்டர்னா நமக்கு ஏன் ஒண்ணுமே தெரியலை?

வேகத்தை உடல் உணராது, வேகம் மாறுவதைத்தான் உணரும். நாம், வீடு, கடல், காற்று எல்லாம் பூமியோடு சேர்ந்து அதே வேகத்தில் போகிறோம். பாதை வளைவதால் வரும் மாற்றம் 5ஆம் பதிலில் சொன்ன மில்லிமீட்டர் கணக்குதான். அந்த இழுப்பும் பூமியையும் நம்மையும் ஒன்றாகவே இழுக்கிறது.

8. பாதை வட்டமா, முட்டை மாதிரியா? டீச்சர் முட்டை மாதிரின்னு போட்டாங்க.

நீள்வட்டம் என்பது சரி, ஆனால் கரும்பலகையில் போடும் அளவுக்கு நீண்டதில்லை. கிரகங்களின் பாதை நீள்வட்டம் என்று கெப்ளர் 1609இல் வெளியிட்டார். பூமியின் பாதையை 1 மீட்டர் அகலத்துக்கு வரைந்தால் நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள வித்தியாசம் 0.14 மில்லிமீட்டர்தான் வரும். பென்சில் கோடே அதைவிடத் தடிமன். ஆனால் சூரியன் நடுவில் இருக்காது, 8 மில்லிமீட்டர் தள்ளி இருக்கும். வடிவம் வட்டம் போலவே இருந்தும் தூரம் மாறுவது இப்படித்தான். சூரியனை நெருங்கும்போது கிரகம் வேகமாகவும் விலகும்போது மெதுவாகவும் போகும். புதனின் பாதையில் இந்த விலகல் நன்றாகவே தெரியும். வால்நட்சத்திரப் பாதைகள்தான் நிஜமாகவே நீண்டவை.

9. ஜனவரியிலதான் பூமி சூரியன் கிட்ட வருதாமே? அப்ப மார்கழி, தையில குளிருது, கத்திரியில கொளுத்துது, அது எப்படி?

கேள்வி நியாயமானது. ஜனவரி முதல் வாரத்தில் நமக்கும் சூரியனுக்கும் 14.7 கோடி கிலோமீட்டர், ஜூலை முதல் வாரத்தில் 15.2 கோடி. வித்தியாசம் மூன்றரை சதவீதத்துக்கும் குறைவு. பருவத்தை முடிவு செய்வது தூரம் என்றால் உலகம் முழுக்க ஜனவரியில் கோடை வந்திருக்க வேண்டும். வருவது ஆஸ்திரேலியா போன்ற தென்பாதியில் மட்டும்தான். பூமி 23.4 பாகை சாய்ந்து சுற்றுவதுதான் காரணம். நம் மார்கழியில் வடபாதி சூரியனுக்கு எதிர்ப்புறம் சாய்ந்திருக்கிறது. வெயில் சரிவாக விழுகிறது, பகலும் குறுகுகிறது.

சென்னை ஏறக்குறைய 13 பாகை வட அட்சத்தில் இருப்பதால் வருடத்தில் இரண்டு நாள் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேராக வரும், ஏப்ரல் 24 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும். ஏப்ரலில் பகல் 12.07, ஆகஸ்டில் 12.13 அளவில் மாடியில் ஒரு பாட்டிலைச் செங்குத்தாக நிறுத்திப் பாருங்கள், நிழல் அடியிலேயே ஒடுங்கிவிடும். சாய்வைக் கண்ணால் பார்க்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது. இந்த இரண்டு நாளும் டெல்லிக்குக் கிடையாது, அங்கே சூரியன் ஒருபோதும் உச்சிக்கு வருவதில்லை.

அப்படியானால் உச்ச வெயில் ஏன் ஏப்ரலில் வராமல் மே மாதத்தில் வருகிறது? தரை சூட்டைச் சேர்த்துக்கொண்டே போவதால். அதோடு மே கடைசியில் மேற்கிலிருந்து வரும் தரைக்காற்று வலுத்து, மதியம் வர வேண்டிய கடற்காற்றைத் தாமதமாக்குகிறது. காசிமேட்டில் கடற்காற்று எத்தனை மணிக்கு உள்ளே வந்தது என்பதை வைத்தே அன்றைய வெயிலைச் சொல்லிவிடலாம். ஆகஸ்டில் மேகமும் மாலை மழையும் சூட்டைக் குறைத்துவிடும். அக்னி நட்சத்திரம் என்று நாம் சொல்லும் நாட்கள், பூமியிலிருந்து பார்க்கச் சூரியன் கார்த்திகை நட்சத்திரத்தை ஒட்டிக் கடக்கும் நாட்கள். அதுவும் பூமி தன் பாதையில் எங்கே நிற்கிறது என்பதற்கான அடையாளம்தான். அந்த நட்சத்திரம் வெயிலைக் கூட்டுவதில்லை.

10. விடிவெள்ளி சில மாசம் நல்லா தெரியுது, அப்புறம் காணாமப் போவுது. நடுராத்திரில மட்டும் வர்றதே இல்ல. ஏன்?

காசிமேட்டில் விடியுமுன் கடலுக்குப் போகிறவர்கள் கேட்பது இது. வெள்ளியின் பாதை நம் பாதைக்கு உள்ளே இருக்கிறது. அதனால் பூமியிலிருந்து பார்க்கும்போது வெள்ளி சூரியனை விட்டு 47 பாகைக்கு மேல் விலகவே முடியாது. நடுராத்திரியில் சூரியன் நம் காலுக்குக் கீழே இருக்கும், வெள்ளியும் அதன் பக்கத்திலேயே இருக்கும். சூரியனுக்கு மேற்கே இருக்கும் மாதங்களில் அது சூரியனுக்கு முன் எழுந்து கடல் மேல் விடிவெள்ளியாகத் தெரியும். கிழக்கே இருக்கும் மாதங்களில் அந்தியில் வியாசர்பாடி, பெரம்பூர்ப் பக்கம் மறையும். சூரியனை ஒட்டிப் போகும்போது காணாமல் போகும். இந்த ஆட்டம் மொத்தம் 584 நாட்களுக்கு ஒருமுறை திரும்ப வரும். புதனுக்கும் இதே கதைதான், எல்லை 28 பாகை என்பதால் பார்ப்பது இன்னும் சிரமம்.

எப்போதாவது வெள்ளி சரியாகச் சூரியனுக்கு முன்னால் கரும்புள்ளியாகக் கடக்கும். 1874 டிசம்பர் 9இல் அப்படி ஒன்று நடந்தபோது, மெட்ராஸ் வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி அதைப் பொதுமக்களுக்கு விளக்கி நம் நாட்டு மொழிகளில் புத்தகம் கொண்டுவந்தார். நம் ஊரில் இந்த வேலையை அன்றைக்கே ஒருவர் செய்திருக்கிறார் என்பதை எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்ல வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். 2004லும் 2012லும் மறுபடி நடந்தது. அடுத்தது 2117இல்.

11. சனிப்பெயர்ச்சி ரெண்டரை வருசத்துக்கு ஒரு தடவை, குருப்பெயர்ச்சி மட்டும் வருசா வருசம். ஏன் இந்த வித்தியாசம்?

ராசி என்பது வானப் பட்டையின் பன்னிரண்டில் ஒரு பங்கு. வியாழன் சூரியனை ஒருமுறை சுற்ற 11.86 வருடம். பன்னிரண்டால் வகுத்தால் ஏறக்குறைய ஒரு வருடம். சனிக்கு 29.5 வருடம். பன்னிரண்டால் வகுத்தால் இரண்டரை. சூரியன் ராசிக்கு ஒரு மாதம் என்பதும் இதே கணக்குதான், சுற்றுவது பூமி, காலம் ஒரு வருடம். பெயர்ச்சித் தேதி தெரிந்த ஒவ்வொரு பாட்டிக்கும் கிரகத்தின் சுற்றுக்காலம் ஏற்கெனவே தெரியும்.

தூரமானது ஏன் மெதுவாகப் போகிறது? தூரம் கூடினால் சூரியனின் இழுப்பு குறைகிறது. இழுப்பு குறைந்த இடத்தில் விழாமல் இருக்கக் குறைந்த வேகமே போதும் (5ஆம் பதில்). புதன் நொடிக்கு 47 கிலோமீட்டர், நெப்டியூன் ஐந்தரை கிலோமீட்டருக்கும் குறைவு. மெதுவாகவும் போகிறது, சுற்றும் நீளம். அதனால் நெப்டியூனின் ஒரு வருடம் நமக்கு 165 வருடம். 1846இல் கண்டுபிடித்த நாளிலிருந்து அது ஒரு முழுச் சுற்றை முடித்ததே 2011இல்தான்.

கால்குலேட்டர் இருந்தால் 1619இல் கெப்ளர் வெளியிட்ட விதியை நீங்களே சரிபார்க்கலாம். பூமி, சூரியன் தூரத்தை 1 என்று வைத்தால் வியாழனின் தூரம் 5.2. 5.2ஐ 5.2ஆல் பெருக்கி, மறுபடியும் 5.2ஆல் பெருக்கினால் 140.6. அதன் வர்க்கமூலம் 11.86. வியாழனின் வருடம் வந்துவிட்டது. சனிக்கு 9.54 போட்டுப் பாருங்கள்.

12. சனி வக்கிரமாயிடுச்சுன்றாங்களே, கிரகம் நெசமாவே பின்னாடி போவுமா?

போகாது. எந்தக் கிரகமும் தன் பாதையில் நின்று திரும்பியதில்லை. பேசின் பிரிட்ஜ் தாண்டி உங்கள் மின்சார ரயில், பக்கத்துத் தண்டவாளத்தில் மெதுவாகப் போகும் ரயிலை முந்தும்போது ஜன்னல் வழியாக அது பின்னால் நகர்வதாகத் தெரியும் இல்லையா, அதேதான். பூமி உள்பாதையில் வேகமாகப் போய், வெளியே உள்ள செவ்வாயையோ வியாழனையோ சனியையோ முந்தும் சில மாதம் அந்தக் கிரகம் நட்சத்திரங்களுக்கு எதிரே பின்னோக்கி நகர்வதாகத் தோன்றும். முந்தும் நேரத்தில்தான் அது நமக்கு மிக அருகில் இருக்கும், மிகப் பிரகாசமாகவும் தெரியும். ஆகவே வக்கிர காலம்தான் மாடியேறிப் பார்க்க ஏற்ற காலம். செவ்வாயைச் சுமார் 26 மாதத்துக்கு ஒருமுறை முந்துகிறோம், சனியை 378 நாளுக்கு ஒருமுறை.

13. அப்ப ரெண்டு பஞ்சாங்கத்துல ரெண்டு தேதி போடுறாங்களே, எது சரி?

திருக்கணிதப்படி சனி மீனத்துக்குப் போனது 2025 மார்ச் 29இல். வாக்கியப்படி 2026 மார்ச்சில். வாக்கியப் பஞ்சாங்கம் பல நூற்றாண்டு முன் அமைத்த வாய்பாட்டில் ஓடுவது. திருக்கணிதம் இன்றைய அளவீடுகளைச் சேர்த்துக் கணிப்பது. சனி வருடத்துக்குச் சுமார் 12 பாகைதான் நகரும் என்பதால், பழைய கணக்கில் சில பாகை பிசகினாலே தேதி மாதக்கணக்கில் தள்ளிப்போகும், நடுவில் வக்கிரம் வந்தால் இன்னும் தள்ளும். கிரகம் வானத்தில் எங்கே நிற்கிறது என்று கேட்டால் திருக்கணிதத்தோடுதான் ஒத்துப்போகிறது.

பலன் பற்றியும் கேட்பார்கள். சனி இருக்கும் இடத்தை அளக்கலாம், யாரும் சரிபார்க்கலாம். அந்த இடம் ஒருவருடைய வேலையையோ கல்யாணத்தையோ தடுக்கும் என்பதற்கு அப்படிப்பட்ட அளவீடு கிடையாது. பயந்துகொண்டு வந்த அம்மாக்கள் பலர் வளையத்தைப் பார்த்துவிட்டு, இவ்வளவு அழகா என்று இன்னொரு முறை வரிசையில் நின்றிருக்கிறார்கள்.

14. நவக்கிரகத்துல ராகு கேது இருக்கே, அதையும் டெலஸ்கோப்புல காட்டுங்க.

காட்ட முடியாது, அவை பொருட்கள் அல்ல, இடங்கள். நிலாவின் பாதை, வானத்தில் சூரியன் போகும் வழிக்கு 5 பாகை சாய்ந்திருக்கிறது. இரண்டும் வெட்டிக்கொள்ளும் இரு புள்ளிகள் ராகுவும் கேதுவும். எப்போதும் நேரெதிரே இருப்பதற்குக் காரணம் இதுதான். அந்தப் புள்ளிகள் பின்னோக்கி நகர்ந்து 18.6 வருடத்தில் ஒரு சுற்று வருகின்றன. பன்னிரண்டால் வகுத்தால் ஒன்றரை வருடம், ராகு கேது பெயர்ச்சி. அமாவாசையோ பௌர்ணமியோ இந்தப் புள்ளிகளுக்குப் பக்கத்தில் அமைந்தால்தான் கிரகணம். அதனால்தான் மாதாமாதம் கிரகணம் வருவதில்லை. பாம்பு விழுங்குவதாகச் சொன்னவர்கள் இடத்தைச் சரியாகத்தான் குறித்துவைத்திருக்கிறார்கள்.

15. நிலா சுத்த 27 நாளா, 29 நாளா? ரெண்டும் சொல்றாங்க.

இரண்டும் சரி. ஒரு நட்சத்திரத்தின் பக்கத்தில் நின்ற நிலா மறுபடி அதே நட்சத்திரத்துக்கு வர 27.3 நாள். நாளுக்கு ஒன்றாக 27 நட்சத்திரங்கள் வைத்தது அதனால்தான். திருவொற்றியூர் தியாகராஜர் கோவிலில் வரிசையாக உள்ள 27 நட்சத்திர லிங்கங்களைப் பார்த்திருப்பீர்கள், எண்ணிக்கைக்கு மூலம் அதுதான். ஆனால் பௌர்ணமி என்பது சூரியனையும் பொறுத்தது. அந்த 27 நாளில் பூமி தன் பாதையில் 27 பாகை முன்னேறிவிடுவதால், சூரியனுக்கு நேரெதிரே வர நிலா கூடுதலாக இரண்டு நாள் போக வேண்டும். ஆகவே பௌர்ணமிக்குப் பௌர்ணமி 29.5 நாள்.

16. புளூட்டோவை ஏன் தூக்கிட்டாங்க? பாவம் இல்லையா?

1930இல் கண்டுபிடித்தபோது அந்தப் பக்கம் அது ஒன்றுதான் என்று நினைத்தார்கள். 1992க்குப் பிறகு அதே பகுதியில் ஒன்றன்பின் ஒன்றாக வேறு உருண்டைகள் கிடைத்தன. 2005இல் அறிவிக்கப்பட்ட ஏரிஸ் புளூட்டோவை விட நிறை மிகுந்தது. அதையும் கிரகமாக்குவதா என்ற கேள்வி வந்தது. 2006இல் சர்வதேச வானியல் ஒன்றியம் வரையறை வகுத்தது: சூரியனைச் சுற்ற வேண்டும், உருண்டையாக இருக்க வேண்டும், தன் பாதையின் சுற்றுப்புறத்தில் தானே மேலோங்கி நிற்க வேண்டும். மூன்றாவதில் புளூட்டோ தேறவில்லை. குறுங்கோள் என்று பெயர் மாறியது. புளூட்டோவுக்கு ஒன்றும் ஆகவில்லை, 248 வருடச் சுற்றில் போய்க்கொண்டே இருக்கிறது.

இப்படி நடப்பது புதிதும் இல்லை. 1801இல் கண்டுபிடித்த சீரஸையும் முதலில் கிரகம் என்றார்கள். பிறகு அதைப் போலப் பல கிடைத்ததும் சிறுகோள் ஆக்கினார்கள். அந்தச் சிறுகோள் வேட்டையில் நம் ஊருக்கும் பங்குண்டு. 1861 ஏப்ரல் 17இல் நுங்கம்பாக்கத்தில் இருந்த மெட்ராஸ் வானாய்வகத்தில் நார்மன் போக்சன் ஒன்றைக் கண்டுபிடித்து அதற்கு ஆசியா என்று பெயர் வைத்தார்.

17. எல்லா கிரகமும் ஒரே கோட்டுல வருதுன்னு வாட்ஸ்அப்புல வருதே, சுனாமி வருமா? அன்னிக்கும் பௌர்ணமிதானே?

இந்தக் கேள்வியை எங்கள் கரையில் யாரும் விளையாட்டாகக் கேட்பதில்லை. 2004 டிசம்பர் 26 பௌர்ணமிதான். ஆனால் சுனாமியைக் கிளப்பியது சுமத்ரா கடலடியில் 9.1 அளவில் வந்த நிலநடுக்கம். நீண்ட காலமாக அங்கே நிலத்தட்டுகளுக்கு நடுவில் சேர்ந்த அழுத்தம் உடைந்தது. பௌர்ணமி வருடத்துக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று முறை வருகிறது. நிலாவும் சூரியனும் செய்வது அமாவாசை, பௌர்ணமியில் கடல் ஏற்றத்தைச் சற்றுக் கூட்டுவதுதான். கரையில் இருப்பவர்களுக்கு அது பழக்கமான அளவு.

கிரகங்களின் பங்கு? வெள்ளி நமக்கு மிக அருகில் வரும்போதும் கடலின் மேல் அதன் இழுப்பு விளைவு நிலாவினுடையதில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. வியாழன் அதிலும் குறைவு. 4ஆம் பதிலில் உள்ள தூரங்களைப் பார்த்தாலே புரியும். ஒரே கோடு என்று அனுப்பப்படுவதும் 2ஆம் பதிலில் சொன்ன பட்டைதான். நாலைந்து கிரகம் வானத்தின் ஒரே பக்கம் கூடும்போது வரிசை போலத் தெரியும். அன்றைக்கு மாடியேறிப் பாருங்கள். சுனாமி எச்சரிக்கைக்கு 2007 முதல் ஹைதராபாத்தில் தனி மையமே இயங்குகிறது. வாட்ஸ்அப்பை விட்டு அதன் அறிவிப்பைக் கேளுங்கள்.

18. எல்லாம் சூரியனைச் சுத்துது, சரி. சூரியன் மட்டும் ஆடாம அசையாம நிக்குதா?

கடைசிவரை நின்று கேட்பவர்கள் இதைக் கேட்பார்கள். சூரியனும் நிற்கவில்லை. இழுப்பு இருபக்கமும் உண்டு. சூரியன் வியாழனை இழுப்பது போல வியாழனும் சூரியனை இழுக்கிறது. இரண்டும் தங்களுக்குப் பொதுவான ஒரு நிறை மையத்தைச் சுற்றுகின்றன. 1ஆம் பதிலில் சொன்னபடி நிறை பெரும்பாலும் சூரியனிடம் இருப்பதால் அந்த மையம் சூரியனுக்கு வெகு அருகில் விழுகிறது: சூரியனின் நடுவிலிருந்து சுமார் 7.4 லட்சம் கிலோமீட்டர். சூரியனின் ஆரம் ஏறக்குறைய 7 லட்சம். அதாவது சூரியனின் மேற்பரப்புக்குச் சற்று வெளியே. வண்ணாரப்பேட்டையில் வைத்த உருண்டையில் பார்த்தால் அதன் விளிம்பைத் தாண்டி ஒரு சாண்கூட இல்லை.

வேறு நட்சத்திரங்களிடம் இதே தள்ளாட்டத்தை அளந்தும், கண்ணுக்குத் தெரியாத கிரகங்கள் அங்கே இருப்பதை 1995 முதல் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து வருகிறார்கள். நம் சூரியனோ இந்தத் தள்ளாட்டத்தோடு, குடும்பம் முழுவதையும் இழுத்துக்கொண்டு, நொடிக்கு 220 கிலோமீட்டருக்கு மேல் பால்வீதியின் மையத்தைச் சுற்றி ஓடுகிறது. ஒரு சுற்றுக்கு இருபது கோடி வருடத்துக்கும் மேல். சென்ற சுற்றில் இதே இடத்துக்கு வந்தபோது பூமியில் டைனோசர்கள் அப்போதுதான் தலையெடுத்துக்கொண்டிருந்தன.